பதில் புரியும் கேள்வி: விமானத்தில் பானம் பரிமாறும் பிரெஞ்சு

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14. கனடாவில் மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவாவுக்குப் பறந்த ஏர் ஒன்டாரியோ விமானத்தில் மிஷேல் திபோதோ என்ற பயணி பிரெஞ்சில் ஒரு செவன் அப் கேட்டார். பானம் கொடுக்க வந்த பணியாளருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். பயணிக்கு ஆங்கிலமும் தெரியும். ஆனாலும் அவர் பிரெஞ்சை விடவில்லை. வாக்குவாதம் மூண்டது. ஒரு குவளை பானத்தில் தொடங்கிய விவகாரம் நீதிமன்றப் படியேறியது. ஏர் ஒன்டாரியோவின் தாய் நிறுவனமான ஏர் கனடா அவருக்கு 5,375 டாலர் இழப்பீடு தர வேண்டும், மன்னிப்புக் கடிதமும் எழுத வேண்டும் என்று 2005இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. 2007இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

விமானத்தில் பானம் பரிமாறத் தேவையான பிரெஞ்சு என்றால், பத்துத் தொடர்களை மனப்பாடம் செய்துகொண்டால் முடிந்துவிடும் வேலை என்றே பலரும் நினைப்பார்கள். அந்தப் பத்துத் தொடர்களுக்குள் ஒரு மொழியின் மரியாதை, இலக்கணம், வட்டார வழக்கு, சட்ட உரிமை எல்லாம் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கும்போது தெளிவாகும் உண்மை ஒன்று உண்டு. பரிமாறுபவருக்குச் சொல்லத் தெரிந்தது பாதி. எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்து மனத்தில் ஏறுவது மீதிப் பாதி. எனவே, வரப்போகும் பதில் தனக்குப் புரியும்படி கேள்வியை அமைக்கத் தெரிந்தவரே நன்றாகப் பரிமாற முடியும்.

வணக்கமே முதல் கேள்வி

பிரெஞ்சில் எந்தச் சேவையும் 'போன்ழூர்' என்ற வணக்கத்தில் தொடங்கும். மாலையானால் 'போன்ஸ்வார்'. இதைச் சொல்லாமல் நேரே 'என்ன வேண்டும்' என்று கேட்பது பிரெஞ்சுக்காரர் காதுக்கு முரட்டுத்தனமாகப் படும். கூடவே 'மதாம்' அல்லது 'முஸ்யே' என்ற விளி வரும். இந்த 'முஸ்யே'தான் புதுச்சேரித் தமிழில் 'முசே' என்று வழங்கியது.

விமானத்தில் இந்த வணக்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: பயணி எந்த மொழியில் பேச விரும்புகிறார் என்பதை அதுவே வெளிக்கொண்டுவரும். கனடாவின் 1988ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டம் இதைக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. இரு மொழிகளிலும் சேவை கிடைக்கும் என்பதை, பயணி கேட்பதற்கு முன்பே நிறுவனம் தெரியப்படுத்த வேண்டும். 'ஹலோ, போன்ழூர்' என்ற இரட்டை வணக்கம் இதன் நடைமுறை வடிவம். பயணி எந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்கிறாரோ, உரையாடல் அந்த மொழியில் தொடரும். இதே இரட்டை வணக்கத்தின் கடைவீதி வடிவமான 'போன்ழூர்-ஹாய்', கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கில் அரசியலானது. கடைகளில் 'போன்ழூர்' என்று மட்டும் வரவேற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை 2017 நவம்பரில் கியூபெக் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. ஒரு வணக்கச் சொல் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முகத்தைப் பார்த்து மொழியை ஊகிப்பது எவ்வளவு தவறு என்பதைத் தமிழர் வரலாறே காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். அத்தீவின் ஏர் ஆஸ்ட்ரல் நிறுவனம் சென்னைக்கு விமானம் இயக்கியிருக்கிறது. பெயரில் தமிழும் முகத்தில் தமிழ்நாடும் கொண்ட ஒரு ரீயூனியன் பயணியிடம் 'தண்ணி வேணுமாம்மா?' என்று அன்போடு கேட்டாலும் பதில் கிடைக்காமல் போகலாம். 'போன்ழூர், மதாம்' என்றால் முகம் மலரும். முகத்தைப் பார்த்துச் செய்யும் ஊகத்தைவிட வணக்கத்துக்கு வரும் பதிலே நம்பகமானது.

திறந்த கேள்வியும் அடைத்த கேள்வியும்

கையேடுகள் முதலில் கற்றுத்தரும் கேள்வி 'க தெஸிரே-வூ ப்வார்?' என்பதே. 'என்ன குடிக்க விரும்புகிறீர்கள்?' என்று பொருள். 'கெஸ் க ழ வூ ஸெர்?' என்பது இன்னும் இயல்பானது. 'உங்களுக்கு என்ன தரட்டும்?' என்று பொருள். இரண்டும் அழகான தொடர்கள். புதிதாகக் கற்றவருக்கு இரண்டும் ஆபத்தானவை. கேள்வி திறந்திருப்பதால் பதில் எந்தத் திசையிலிருந்தும் வரலாம். தள்ளுவண்டியில் இருக்கும் பானத்தைக் கேட்கலாம், இல்லாததைக் கேட்கலாம், 'முதலில் என்னென்ன இருக்கிறது?' என்று எதிர்க்கேள்வி போடலாம். கேட்டவர் கேள்வியை மட்டும்தான் கற்றிருக்கிறார்.

இதற்கு மருந்து, கேள்வியை அடைப்பது. 'ஓ ப்லாத் ஊ கஸோஸ்?' சாதாரணத் தண்ணீரா, சோடா போலக் குமிழியிடும் தண்ணீரா? பதில் இந்த இரண்டு சொற்களில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். 'வேன் ரூழ் ஊ வேன் ப்லான்?' சிவப்பு வைனா, வெள்ளை வைனா? 'அவெக் ஊ ஸான் க்லாஸோன்?' ஐஸ்கட்டி போட்டா, போடாமலா? 'தே ஊ கஃபே?' தேநீரா, காப்பியா? 'ஊ' என்ற ஒற்றைச் சொல்லுக்கு 'அல்லது' என்று பொருள். அந்த ஓரெழுத்து தெரிந்தால் பரிமாறும் வேலையில் பாதி முடிந்தது. பழச்சாறு என்றால் 'ழூ'. 'ழூ தொராந்ழ்' ஆரஞ்சுச் சாறு, 'ழூ த பொம்' ஆப்பிள் சாறு, 'ழூ த தொமாத்' தக்காளிச் சாறு. மூன்றையும் 'நூ ஸவோன்', அதாவது 'எங்களிடம் இருப்பவை' என்று தொடங்கி அடுக்கிவிட்டால், பயணி பதிலுக்கு எடுக்கும் சொல் பணியாளர் வாயிலிருந்து சற்றுமுன் வந்ததாகவே இருக்கும்.

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு சொந்தம் உண்டு. பிரெஞ்சின் 'தே' என்ற தேநீரும், நம் தேயிலை, தேத்தண்ணி என்பவற்றில் உள்ள 'தே'யும் ஒரே வேர். தென்சீனக் கடற்கரையின் ஹொக்கியன் பேச்சில் பிறந்த சொல், கப்பல் வழியே ஐரோப்பாவுக்கும் நமக்கும் வந்து சேர்ந்தது.

'மெர்ஸி' என்றால் வேண்டாம்

பிரெஞ்சு தெரியாதவர்கூட அறிந்திருக்கும் சொல் 'மெர்ஸி', நன்றி. காப்பிக் குடுவையை நீட்டி 'கஃபே?' என்று கேட்கிறோம். பயணி புன்னகையோடு 'மெர்ஸி' என்கிறார். நன்றி சொல்லிவிட்டார் என்று ஊற்றத் தொடங்கினால் அவர் திடுக்கிட்டுக் கையால் குவளையை மூடக்கூடும். எதையேனும் நீட்டும்போது தனியாக வரும் 'மெர்ஸி', குறிப்பாகத் தலையசைப்போடு வந்தால், பிரான்சில் பெரும்பாலும் மறுப்பையே குறிக்கும். 'நோன், மெர்ஸி' என்பதன் முதல் சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

வேண்டும் என்பவர் வேறு சொற்களைச் சொல்வார். 'வுய், ஸில் வூ ப்லே' என்றால் 'ஆமாம், தயவுசெய்து'. 'வொலோந்தியே' என்றால் 'மகிழ்ச்சியாக'. 'அவெக் ப்லெஸிர்' என்றாலும் அதுவே. எனவே, பிரெஞ்சுப் பயணியிடம் சம்மதத்தின் அடையாளம் 'ஸில் வூ ப்லே'. நன்றிச் சொல் தனித்து வந்தால் குடுவையைச் சாய்க்காமல் ஒரு நொடி நிறுத்திக் கண்ணைப் பார்க்க வேண்டும்.

தமிழ் வீடுகளில் வளர்ந்தவருக்கு இந்த நுட்பம் புதிதில்லை. விருந்தாளி 'இருக்கட்டும்' என்கிறார். அகராதியைப் பார்த்தால் அது இசைவு. பந்தியில் அது மறுப்பு. எந்த மொழியிலும் மறுப்பு மரியாதை உடுத்தியே வருகிறது. அந்த உடையை அடையாளம் காண்பதே பரிமாறுபவரின் கல்வி.

ஒரு பங்கு தண்ணீர்

பிரெஞ்சில் தண்ணீர் 'ஓ'. ஆனால் தண்ணீர் கேட்பவர் வெறும் 'ஓ' என்று கேட்கமாட்டார், 'த லோ' என்பார். காப்பி 'த்யு கஃபே', ஐஸ்கட்டி 'தே க்லாஸோன்'. அளவோ எண்ணிக்கையோ சொல்லாமல் ஒரு பொருளைக் கேட்கும்போது, 'அந்தப் பொருளில் ஒரு பங்கு' என்று சொல்லும் இந்த முன்சொல் பிரெஞ்சில் கட்டாயம். நாம் 'கொஞ்சம் தண்ணி குடுங்க' என்பதில் உள்ள 'கொஞ்சம்' போல. நமக்கு அது விருப்பம், அவர்களுக்கு அது இலக்கணம். மறுக்கும்போது அத்தனை வடிவமும் ஒடுங்கி 'த' மட்டும் மிஞ்சும்: 'பா த ஸுக்ர்' என்றால் சர்க்கரை வேண்டாம். காதுக்குப் பழக வேண்டியது இந்தப் 'பா'. அது கேட்டால் பின்னால் வருவதைக் குவளையில் போடக் கூடாது.

இதைவிடக் கடினமானது 'ப்லு'. எழுத்தில் ஒரே சொல். ஒலியிலும் பொருளிலும் இரண்டு. இறுதியில் 'ஸ்' ஒலித்து 'ப்லுஸ்' என்றால் 'இன்னும் அதிகம்'. 'ஸ்' ஒலிக்காமல் 'ப்லு' என்று நின்று, எதிர்மறையோடு வந்தால் 'இனி இல்லை'. தக்காளிச் சாறு தீர்ந்துவிட்டது என்று சொல்ல 'ழ ஸ்வி தெஸொலே, இல் நி யான் நா ப்லு' என்பார்கள்: 'மன்னிக்கவும், அது தீர்ந்துவிட்டது'. பேச்சு வழக்கில் எதிர்மறை அடையாளமான 'ந' விழுந்துவிடுவதால், ஓர் 'ஸ்' இருப்பதும் இல்லாததுமே மிகுதிக்கும் இன்மைக்கும் எல்லையாகிவிடுகிறது. அதனால், இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கும்போது அந்தச் சொல்லையே தவிர்த்து 'ஆன்கோர் அன் பெ தோ?' என்று கேட்பது நல்லது. 'ஆன்கோர்' என்பதற்கு இரட்டைப் பொருள் மயக்கம் இங்கே கிடையாது.

மரியாதைச் சொல்லில் தமிழும் பிரெஞ்சும் நெருங்கி நிற்கின்றன. 'வூ' என்பது நம் 'நீங்கள்', 'த்யு' என்பது 'நீ'. வயது வந்த பயணி எவராயினும் 'வூ'தான். குழந்தையிடம் மட்டும் 'த்யு வெ அன் ழூ த பொம்?' என்று கேட்கலாம். பயணி கேட்கும் முறையிலும் மரியாதை உண்டு. 'எனக்கு வேண்டும்' என்ற நேரடி வடிவத்தை விட்டு, 'ழ வூத்ரே', அதாவது 'வேண்டும் என்றிருக்கிறது' என்ற தணிந்த வடிவத்தை எடுப்பார். குவளையைக் கையில் கொடுக்கும்போது 'வ்வாலா'. சூடான பானம் என்றால் 'அத்தான்ஸியோன், ஸே த்ரே ஷோ': 'கவனம், மிகவும் சூடு'. அவர் நன்றி சொன்னால் 'ழ வூ ஸான் ப்ரி'. குடித்து முடித்த குவளையை எடுக்கும் முன் 'ழ பெ தெபராஸே?', 'எடுத்துக்கொள்ளலாமா?' ஒரு பானத்தின் தொடக்கமும் முடிவும் இவ்வளவே.

கியூபெக்கும் பாரீஸும்

பாரீஸ் பயணியிடம் சரியான தொடர் மாண்ட்ரியல் பயணியிடம் தடம் மாறலாம். பானம் பிரான்சில் 'ப்வாஸோன்'. கியூபெக் பேச்சில் 'ப்ரவாழ்' என்றும் வரும். கியூபெக்கின் பழைய தலைமுறையினர் 'லிகோர்' கேட்டால், கோலா போன்ற குளிர்பானத்தைத்தான் கேட்கிறார்கள். பிரான்சில் அதே சொல் இனிப்பான மதுவைக் குறிக்கும். 'தெழூனே' பிரான்சில் மதிய உணவு, கியூபெக்கில் காலை உணவு. நன்றிக்குப் பதிலாகக் கியூபெக்கில் 'பியன்வன்யு' என்பது சாதாரணம். பிரான்சில் அது 'நல்வரவு' என்று மட்டுமே பொருள்படும். பரிமாறுபவரின் பெயர்கூட வேறு: பிரான்சின் பழைய வழக்கில் 'ஓத்தெஸ் த லேர்', கியூபெக்கில் 'அழான் த போர்'.

யாழ்ப்பாணத்தில் 'கதைப்பது' மதுரையில் 'பேசுவது' என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆனால் ஒரு வேறுபாட்டை வியப்போடு நிறுத்திக்கொள்ள முடியாது. பானத்தோடு கொடுக்கும் வேர்க்கடலை பிரான்சில் 'கக்கவெத்', கியூபெக்கில் 'அராஷித்'. ஒவ்வாமை உள்ள பயணி எந்தச் சொல்லைச் சொன்னாலும் பணியாளருக்குப் புரிந்தாக வேண்டும். 'அலெர்ழிக்' என்ற ஒலி காதில் விழுந்தவுடன் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, மொழி நன்றாகத் தெரிந்த சக பணியாளரை அழைப்பதே சரி. அரைகுறையாகப் புரிந்த பிரெஞ்சு உயிரோடு விளையாடும் இடம் இது.

இரைச்சலுக்குள் ஒரு மொழி

வகுப்பறையில் கற்றது விமானத்தில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இயற்பியல் காரணமும் உண்டு. பறக்கும் விமானத்தின் உள்ளே இரைச்சல் 85 டெசிபல் அளவை எட்டும். பிரெஞ்சோ மூக்கொலிகளால் நெய்த மொழி. 'வேன்' என்றால் வைன், 'வான்' என்றால் காற்று. 'ஸான்' என்றால் 'இல்லாமல்', 'ஸோன்' என்றால் 'அவருடைய'. அமைதியான அறையிலேயே புதியவர் காதுக்கு மயங்கும் இந்த ஒலிகள் என்ஜின் இரைச்சலில் ஒன்றாகக் கரையும். எனவே 'ஸான் க்லாஸோன்' என்று கேட்டதாகத் தோன்றினால், ஐஸ் இடுக்கியைத் தூக்கிக் காட்டி உறுதி செய்துகொள்வதில் வெட்கம் வேண்டாம். கையசைவும் மொழியின் ஒரு பகுதிதான்.

இதே இரைச்சல் நாக்கையும் மாற்றுகிறது. 85 டெசிபல் ஒலியில் மனிதர்களுக்கு இனிப்புச் சுவை குறைந்தும், 'உமாமி' எனும் சாரச் சுவை கூடியும் தெரிவதாக அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டனர். தரையில் தொடாத தக்காளிச் சாற்றை வானில் பலர் விரும்பிக் கேட்பதன் காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதமும் மிகக் குறைவு. தாகம் தரையில் இருப்பதைவிட விரைவாக வரும். ஆகவே 'ழூ த தொமாத்' என்பதும் 'த லோ' என்பதும் அடிக்கடி வரும் பதில்கள். காது முதலில் பழக வேண்டியவை இவை.

நேரமும் குறைவு. ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது ஐரோப்பா உட்படப் பல நாடுகளின் குறைந்தபட்ச விதி. ஒரு பயணிக்குக் கிடைப்பது சில நொடிகளே. அதற்குள் மரியாதை, தெரிவு, எச்சரிக்கை மூன்றும் முடிய வேண்டும். நீண்ட தொடர்களைவிடச் சிறிய, அடைத்த கேள்விகள் இங்கே பயன்படுவதற்கு இதுவும் காரணம்.

உச்ச நீதிமன்றம் வரை

திபோதோவின் வழக்குகள் 2007உடன் முடியவில்லை. 2009இல் அவரும் மனைவியும் ஏர் கனடாவின் சில பயணங்களில் மீண்டும் பிரெஞ்சில் சேவை பெறவில்லை. அவற்றில் ஒன்றில் அவர் செவன் அப் கேட்க, ஸ்ப்ரைட் வந்தது என்று நாளேடுகள் எழுதின. பலருக்கு அது சிரிப்புக்குரிய செய்தியானது. சட்டத்துக்கு அப்படி இல்லை. 2011இல் கூட்டாட்சி நீதிமன்றம் இருவருக்குமாக 12,000 டாலர் வழங்கியது. மேல்முறையீட்டில் அது மாறி, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

2014 அக்டோபர் 28 அன்று வந்த தீர்ப்பில், மொழியுரிமை மீறப்பட்டதில் சர்ச்சையே இல்லை. ஆனால் பன்னாட்டு விமானப் பயணத்தில் எந்தச் சேதத்துக்கு இழப்பீடு கோரலாம் என்பதை 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை வரையறுக்கிறது; மொழி மறுக்கப்பட்டதற்கு அதில் இடமில்லை என்று ஐந்து நீதிபதிகள் கூறினர். இருவர் மாறுபட்டனர். பன்னாட்டுப் பயணத்தில் உரிமை உண்டு, பண இழப்பீடு இல்லை என்பது நிலையாயிற்று. 2019இல் அதே தம்பதி, விமானத்துக்குள் இருந்த எழுத்துப் பலகைகளிலும் இருக்கைப் பட்டையிலும் பிரெஞ்சுக்குச் சம இடம் தரப்படாததற்காக மீண்டும் வழக்காடி 21,000 டாலர் பெற்றனர்.

'அவருக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே, ஏன் இந்தப் பிடிவாதம்?' என்ற கேள்வி கனடாவிலேயே பலமுறை எழுந்தது. அதற்கான பதிலைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1999இல், பொலாக் என்பவரின் குற்ற வழக்கிலேயே சொல்லிவிட்டது: ஒருவருக்கு மற்ற மொழி எவ்வளவு தெரியும் என்பது அவருடைய மொழியுரிமையைக் குறைக்காது. நான் இதை முழு மனத்தோடு ஏற்கிறேன். இன்னொரு மொழி தெரிந்தவர் தன் மொழியை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்றால், கற்றவருக்குக் கிடைக்கும் பரிசு தண்டனையாகிவிடும். தமிழோடு ஆங்கிலமும் அறிந்த ஒவ்வொருவரும் இதைத் தம் அனுபவத்தில் எடைபோட்டுப் பார்க்கலாம்.

அதே நேரம், அன்று தள்ளுவண்டியோடு நின்ற பணியாளரையும் மறக்கக் கூடாது. பிரெஞ்சு கற்றுத்தராமல், மாண்ட்ரியலிலிருந்து புறப்படும் விமானத்தில் ஒருவரைத் தனியே நிறுத்தியது நிறுவனம். குறை அங்கே இருக்கிறது. கடமை நிறுவனத்தினுடையது, அதன் அவமானத்தைத் தாங்குவது தொழிலாளி.

விமானப் பணிக்குத் தயாராகும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரெஞ்சுத் தொடர்களைப் படிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், அதற்கு வரக்கூடிய ஐந்து பதில்களையும் எழுதி, இன்னொருவரை வேகமாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். 'மெர்ஸி' எப்போது மறுப்பு, 'ப்லு' எப்போது இன்மை, 'அராஷித்' என்றால் என்ன என்பவற்றைக் காதால் படியுங்கள். புரியாதபோது 'பார்தோன்?' என்று பணிவோடு மீண்டும் கேளுங்கள். நீட்டப்படும் குவளையில் பயணி கேட்ட பானம் இருக்க வேண்டும். அதற்கு நாவைவிடக் காதுதான் முதலில் பிரெஞ்சு கற்க வேண்டும்.